வைக்கோல் யார் வீட்டில் ஏறுகிறது

கதிரவனுக்கு,

வைக்கோல் ஏறிவிட்டது. முழுவதும் ஏறிவிட்டது, ஒரு துரும்பு நனையவில்லை. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதைக் கேட்க வேண்டும் என்று கை துடிக்கிறது. நீ, மருமகள், பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம்தானே. நான் நன்றாக இருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் பூசணிக்காய் போல வீங்கிக் கிடக்கிறது. உன் அத்தை சரோஜா நொச்சி இலையை வதக்கிக் கட்டிவிட்டு, கட்டும்போதே திட்டியும் முடித்துவிட்டாள். ஆகவே அந்த விஷயத்தில் நீ புதிதாகத் திட்ட ஒன்றும் மிச்சமில்லை.

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தாள் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். போனில் என்றால் நீ பேசுவாய், நான் பேசுவேன், நடுவில் மருமகள் வாங்கி “சாப்பிட்டீங்களா அத்தை” என்பாள், அதோடு பேச்சு கரைந்துவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இதைப் படித்து மடித்து வைத்துவிடாதே. வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. இங்கே கடைத்தெருவில் யாராவது படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நடந்தது ஊரே பார்க்க நடந்ததுதான். உன்னைச் சேர்க்கப் போன நாளில்தான் நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தேன். உர மூட்டையையும், திருத்துறைப்பூண்டி பஸ்ஸின் போர்டையும், உன் அப்பா கொண்டுவந்து போடும் கட்சிப் பத்திரிகையையும் எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள். விஷயத்தில் பிழை கிடையாது.

நேற்றுக் காலை பனி இறங்கி வெயில் ஏறும் நேரத்தில் முருகையன் தன் புது டிராக்டரில், அதற்குப் பின்னால் வைக்கோல் கட்டுகிற புது மிஷினையும் மாட்டிக்கொண்டு நம் வரப்பில் வந்து நின்றான். அறுவடை மிஷின் அறுத்துப் போட்ட வைக்கோல் வரிசை வரிசையாக, பொன் நிறத்தில், நன்றாகக் காய்ந்து கிடந்தது. “என்னடா முருகையா, வழி தப்பி வந்துட்டியா?” என்றேன். அவன் சிரித்தான். “இல்லக்கா, கதிரவன் தம்பி போன் பண்ணிச்சு. அம்மாவுக்கு முடியல, இந்த வருசம் வைக்கோலை நீங்களே கட்டி எடுத்துக்குங்கண்ணேன்னு சொல்லிச்சு. அடுத்த போகத்துலேர்ந்து நிலத்தையும் பாத்துக்கச் சொல்லுச்சு. உங்ககிட்ட சொல்லலியா?”

என்னிடம் சொல்லவில்லை. அறுப்புக்கு மிஷின் பிடித்தவள் நான், நாற்று விட்டவள் நான், வாய்க்காலில் தண்ணீர் வராத நாளில் மடை மடையாக அலைந்தவள் நான். என் வயலில் கிடக்கும் வைக்கோல் இன்னொருவனுக்குப் போவதை நான் முருகையன் வாயால் தெரிந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து மடத்து வசூல்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நம் நிலத்துக்குச் சொந்தக்கார மடத்துக்குக் குத்தகை வசூலிக்க வருகிறவர் அவர்; போன வருடம் வேலைக்குச் சேர்ந்த பையன், தங்கமாகத்தான் பேசுவான். வண்டியை விட்டு இறங்காமலே கேட்டான்: “என்னங்கம்மா, வைக்கோல் முருகையன் எடுக்குறாராமே. அப்ப சாகுபடியும் அவருதானா?”

கதிரவா, இந்த இடத்தில் நிறுத்தி அந்தக் கேள்வியை இன்னொரு முறை படி. வைக்கோலைப் பற்றி ஆரம்பித்தவன் சாகுபடியில் கொண்டுபோய் முடித்தான். அது அந்தப் பையன் மூளையில் உதித்த கேள்வி அல்ல. அவன் உட்காரும் நாற்காலியில் அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் விட்டுவிட்டுப் போன கேள்வி. அந்த நிலம் நம்முடையது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். காகிதத்தில் அது மடத்தினுடையது. உழுது பயிர் செய்கிற உரிமை மட்டும்தான் நம்முடையது. நாமே உடம்பை வளைத்துப் பயிர் செய்கிற வரைக்கும்தான் அந்த உரிமையும். இன்னொருவன் கையில் விட்டோம் என்று ஆகிவிட்டால் நம் பெயரில் இருக்கிற குத்தகைக் காகிதம் செல்லாது. நீ கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அம்மாவின் முழங்காலுக்கு நல்லது செய்தாய். மடத்துக்காரன் காதில் அது வேறாக விழுந்தது.

உனக்கு இது தெரியாது என்று சொல்லாதே. இதே கேள்வி முதல் முறை வந்தபோது நீயும் அங்கே இருந்தாய், என் வயிற்றில். அப்போதுதான் குத்தகை சாகுபடிக்காரர்களின் பெயரை சர்க்காரே எழுதிக்கொள்ளப் போகிறது என்று ஊர் ஊராகப் பேச்சு. உன் தாத்தா மடத்துக்குப் பண்ணையாளாக இருந்து, பிறகு வாய்வார்த்தையில் குத்தகைக்குப் பிடித்தவர். துண்டுச் சீட்டு கூடக் கிடையாது. மடத்து நிலங்களைக் கவனித்துவந்த காரியக்காரருக்கு அது வசதி. அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் அவர் செய்த முதல் வேலை, நம் வாசலில் இருந்த வைக்கோல் போரைப் பிரித்து மடத்துக் களத்துக்கு ஏற்றிவர வண்டிகளை அனுப்பியதுதான். நெல்லை விட்டுவிட்டார். வைக்கோலைத்தான் கேட்டார். ஏன் தெரியுமா? கூலிக்காரனுக்கு நெல் அளப்பார்கள். எந்தக் காலத்திலும் யாரும் கூலிக்கு வைக்கோல் கொடுத்தது கிடையாது. வயலில் பாடுபட்டவன் வீட்டில் நெல் இருக்கலாம். சாகுபடி செய்தவன் வீட்டு வாசலில்தான் போர் இருக்கும். போர் போய்விட்டால் நாம் வெறும் கூலியாட்கள்.

உன் அப்பா அன்று மன்னார்குடி ஊர்வலத்தில், உழுதவனுக்கே நிலம் என்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். உழுதவனுடைய வைக்கோலுக்கு இங்கே வண்டி வந்து நிற்கிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கூரை மேயச் சாத்தியிருந்த ஏணியை எடுத்துப் போரில் வைத்து ஏறினேன். ஏறியதும் ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டேன்.

காரியக்காரர் குடையோடு வந்தார். “ஏய், கீழ இறங்கு.”

“ஏணி மேல இருக்குங்க.”

“அப்ப ஏணியைக் கீழ விடு.”

“விட்டா நீங்க ஏறிடுவீங்களே.”

வண்டிக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். காரியக்காரர் அவனைப் பார்த்து, “அடியிலேர்ந்து உருவுடா, தானா சரிஞ்சு வருவா” என்றார். அவன் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, “புள்ளத்தாச்சி மேல உக்காந்திருக்குதுங்க. நான் கை வைக்க மாட்டேன். வேற ஆளைப் பாருங்க” என்றான். வேறு ஆளும் முன்வரவில்லை. சரோஜா அப்போது பாவாடை தாவணிப் பெண். கஞ்சித் தூக்கைக் கயிற்றில் கட்டி வீசுவாள், நான் பிடித்து இழுத்துக்கொள்வேன். அதிகாரி வந்து சேரும் வரை நான் இறங்கவில்லை. அவர் வந்து அண்ணாந்து பார்த்து, “யாரும்மா இங்க சாகுபடி?” என்று கேட்டார். காரியக்காரர் முந்திக்கொண்டு, “கூலி ஆளுங்க சார் இவங்க. நெல்லு அளந்து விட்டுடுறோம்” என்றார். நான் மேலிருந்து, “ஆமாங்க, கூலின்னா நெல்லுதாங்க. கூலிக்கு வைக்கோல் குடுத்த மவராசன் இந்தத் தாலுகாவுல யாராச்சும் உண்டான்னு அவரையே கேளுங்க. நான் உக்காந்திருக்கிறது என்னன்னும் பாத்துக்குங்க” என்றேன். அதிகாரி போரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு எழுதிக்கொண்டார். உன் அப்பா பெயரை எழுதிக்கொண்டார். போர் மேல் உட்கார்ந்திருந்தவள் பெயரை அவரும் கேட்கவில்லை, மன்னார்குடியிலிருந்து தொண்டை கட்டி வந்த உன் அப்பாவும் சொல்லவில்லை. உன் அப்பா கண்ணை மூடிய பிறகுதான் அந்தப் பதிவு என் பெயருக்கு வந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு, உண்டு என்று சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

நீ பிறந்ததும் அவர் சூரியனை நினைத்துக் கதிரவன் என்று மேடைத் தமிழில் பெயர் வைத்தார். நான் நெற்கதிரை நினைத்துச் சரி என்றேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் காலையிலிருந்து தவிக்கிறேன். வசூல்காரப் பையனிடம், “தம்பி, நீ எங்கியும் போவாத. அந்த வேப்ப மரத்தடியில நில்லு. யார் சாகுபடின்னு சாயங்காலம் சொல்றேன்” என்றேன். முருகையனிடம், “வந்தது வந்துட்ட, வேடிக்கை பாத்துட்டுப் போ” என்றேன். நேரே வாய்க்கால் கரைக்குப் போனேன். நீ போன வருடம் பழைய இரும்புக்குப் போடச் சொன்ன டிராக்டர் அங்கேதான் நின்றது. அதற்கு செல்ஃப் எடுக்காது, பாட்டரி உட்கார்ந்து வருடக்கணக்காகிறது. அதனால் அதை எப்போதும் கரைச் சரிவில்தான் நிறுத்துவேன். கியரைப் போட்டு, கிளட்சை மிதித்து, பிரேக்கை விட்டால் அதுவே உருளும். பாதிச் சரிவில் கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கு, இரண்டு இருமல், கரும்புகை, பிறகு அந்தச் சத்தம். கதிரவா, என் வயதை யாராவது அப்போது கேட்டிருந்தால் தப்பாகச் சொல்லியிருப்பேன்.

உன் அப்பா யாரோ கழித்துக்கட்டியதை வாங்கி வந்த கட்டு மிஷினைப் பின்னால் மாட்டினோம். உனக்கு அது ஓடி நினைவிருக்காது. முன்னால் இருக்கும் பற்கள் வைக்கோலை வாரி உள்ளே போடும். உள்ளே அது உருண்டு உருண்டு திரளும். நிறைந்ததும் வண்டியை நிறுத்தி, சீட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுத்தால் சணல் சுற்றிக்கொள்ளும். பிறகு பின் கதவைத் திறந்தால் கட்டு பொத்தென்று விழும். நிறைந்ததைச் சொல்ல ஒரு மணி உண்டு. அந்த மணி எப்போதோ போய்விட்டது. அதற்குப் பதிலாகச் சரோஜா எட்ட நடந்து வந்து, உள்ளே பார்த்துக்கொண்டே, நிறைந்ததும் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தாள். வரப்பிலிருந்து முருகையன் கத்தினான்: “அக்கா, வைக்கோல் கட்டுறீங்களா, பூசை போடுறீங்களா?” சரோஜா தட்டைத் தூக்கிக் காட்டி, “சாமி வந்தா உன் மேலதான்டா வரும், தள்ளி நில்லு” என்றாள். தெருப் பெண்கள் நாலு பேர் தலைக்கு ஒரு கட்டாகத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு ஓடினார்கள். முதல் கட்டு கொஞ்சம் தொப்பை சரிந்த மாதிரி விழுந்தது. அடுத்தடுத்தவை கடையில் வாங்கின மாதிரி. எனக்கு ஒரே ஆனந்தம். உண்மையைச் சொல்கிறேன், முருகையனின் மிஷின் கட்டுவதைவிட நம்முடையது இறுக்கமாகக் கட்டுகிறது. அவனே ஒத்துக்கொண்டான்.

கிழக்கே கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மாசி பிறக்கிற நேரத்தில் மழை வரக் கூடாது, ஆனால் யார் அதற்குச் சொல்வது. முக்கால் வயல் முடிந்திருந்தது. நனைந்த வைக்கோல் கறுத்துப் போகும், மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும் என்று உனக்கே தெரியும். அவசரத்தில் வேகம் கூட்டினேன். உருளையில் வைக்கோல் சுற்றிக்கொண்டது. மிஷினுக்குப் போகும் ஓட்டத்தை வெட்டுவதற்காகக் கிளட்சை மிதித்தேன். அந்த நேரம் பார்த்து முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை, கால் வழுக்கிவிட்டது. டிராக்டர் ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. நட்ட நடு வயலில். தரை சமம். உருட்டிவிடச் சரிவு கிடையாது. சரோஜா தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

சிக்கின வைக்கோலைக் கத்தியால் அறுத்து எடுத்தோம். ஆனால் வண்டியைக் கிளப்ப இன்னொரு டிராக்டர் கட்டி இழுத்தாக வேண்டும். அங்கே இருந்த இன்னொரு டிராக்டர் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முருகையன் சங்கிலியை எடுத்துக்கொண்டு தானாகவே வந்துவிட்டான். நல்ல பையன், அதில் சந்தேகம் இல்லை. குனிந்து மாட்டப் போனான். நான் சீட்டிலிருந்து இறங்காமல், “நில்லுடா” என்றேன்.

“என்னக்கா?”

“கூலிக்கு இழுக்கிறியா, பங்குக்கு இழுக்கிறியா?”

“அக்கா, மழை வருது.”

“வரட்டும். அதைச் சொல்லிட்டுச் சங்கிலியை மாட்டு.”

“நான் என்ன கேட்டேன் இப்ப? சும்மா இழுத்து விடுறேன்.”

“சும்மாவெல்லாம் வேண்டாம். சும்மா செஞ்சா நாளைக்கு அது பங்குன்னு ஆயிடும். மரத்தடியில நிக்கிறான் பாரு ஒருத்தன், அவனுக்குக் கேக்குற மாதிரி சொல்லு.”

சரோஜா, “அண்ணி, புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு, மழை பக்கத்துல வந்துட்டு” என்று என் புடவையைப் பிடித்து இழுத்தாள். மண் வாசனை வந்துவிட்டது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மிச்ச வைக்கோல் நனைந்தால் நனையட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். நனைந்தால் கறுத்த வைக்கோலை என் வாசலில் போராகப் போடுவேன், அதுவும் போர்தான்.

முருகையன் சங்கிலியைத் தரையில் போட்டான். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அவன் அப்பாவையும் அதே காரியக்காரர் கூலி ஆள் என்றுதான் சொன்னார். அவர்களுக்கு ஏறிப் பிடித்துக்கொள்ள ஒரு போர் இல்லை, நிலம் போய்விட்டது. முருகையன் வெளிநாடு போய்ச் சம்பாதித்து, அந்த டிராக்டரை வாங்கி, இன்று ஊரில் நாலு பேர் அண்ணே என்று கூப்பிட நிற்கிறான். கூலி என்கிற சொல்லைத் தன் வாயால் சொல்ல அவனுக்கு மனசு என்னவெல்லாம் செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். வேறு சொல் இருந்திருந்தால் அதைக் கேட்டிருப்பேன். இல்லை.

அவன் மரத்தடிப் பக்கம் திரும்பினான். “தம்பி, நல்லா கேட்டுக்குங்க. நான் இன்னிக்கு இந்த அம்மாவுக்குக் கூலி ஆள். சாகுபடி அவங்களது. வைக்கோலும் அவங்களது” என்றான். என்னிடம் திரும்பி, “போதுமாக்கா? இல்ல, எழுதிக் கையெழுத்தும் போடணுமா?” என்றான். “வாய்ச் சொல்லு போதும். நீ கையெழுத்துப் போட்டா எனக்குப் படிக்க நேரமாவும்” என்றேன். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டான். சங்கிலியை மாட்டினான். அவன் இழுக்க, நம் கிழட்டு வண்டி பத்தடிக்குள் கிளம்பிவிட்டது. பிறகு அவன் வேடிக்கை பார்க்கவும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்களோடு பெண்களாகக் கட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். அந்த வசூல்காரப் பையன்கூட மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, போரை மூட விரித்த படுதாவின் ஒரு முனையைப் பிடித்தான். “நீயும் கூலியா?” என்று சரோஜா கேட்டதற்கு, “ஐயோ, நான் ஒண்ணும் இல்லீங்க, ஆளை விடுங்க” என்றான். படுதாவின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கும்போது விழுந்தது பார் மழை, சரம் சரமாக. எல்லோரும் நம் வாசலில் போரை ஒட்டி ஒதுங்கி நின்றோம். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேனா என்று சரோஜாவிடம் கேட்காதே, கூட்டிச் சொல்வாள்.

மழை விட்டதும் எல்லோர் முன்னாலும் மரக்காலை எடுத்து வந்து முருகையனுக்கு நெல் அளந்தேன். துண்டை விரித்து வாங்கிக்கொண்டான். “மாட்டுக்கு ரெண்டு கட்டு வைக்கோல் குடுங்கக்கா” என்றான், வேண்டுமென்றே, என்னைச் சீண்ட. “விலைக்கு வாங்கிக்க, தரேன்” என்றேன்.

இனி உன் விஷயம். முருகையன் நிலத்தைக் கேட்கவில்லை. ஆனால் நீ கொடுத்த வார்த்தை அவனிடம் இன்னும் இருக்கிறது. அடுத்த போகத்துக்கு விதை நெல் வாங்கப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் அவன் நிற்கிறான். அந்த வார்த்தையை நான் திருப்பிக் கேட்டால் அது சண்டையாகும். கொடுத்தவன் நீ, நீதான் திரும்ப வாங்க வேண்டும். போனில் வேண்டாம். அவன் வீட்டுக்குப் போய், அவன் கொடுக்கும் டீயைக் குடித்து, முகத்தைப் பார்த்துச் சொல். அவனை நேற்று நான் சொல்ல வைத்த சொல்லுக்கு ஈடாக, நீ அவனை உட்கார வைத்து நாலு நல்ல வார்த்தை பேசினால் எனக்கு ஆறுதலாக இருக்கும். நான் பேச மாட்டேன். எனக்கு அது வராது.

உன் வீட்டுக்கு வந்து இருக்கச் சொல்கிறாய். மாடியில் எனக்கென்று அறை கட்டியிருப்பதாக மருமகள் சொன்னாள். பார்க்க வருகிறேன், இருக்க வரமாட்டேன். எனக்குப் பிறகு அந்தக் குத்தகைக் காகிதத்தில் உன் பெயர் ஏற வேண்டுமானால், நீ இந்த மண்ணில் வேலை செய்ததை நாலு பேர் பார்த்திருக்க வேண்டும். லீவு போட்டு வா. கோடை உழவுக்கு ஈரம் கிடைத்திருக்கிறது, நேற்றைய மழை அதற்காவது உதவட்டும். என் கால் சரியாக நாளாகும். கிளட்சை நீதான் மிதிக்க வேண்டும். கரைச் சரிவில் வண்டியை எப்படி விடுவது என்று தெரியவில்லை என்றால் முருகையனிடம் கேள், சொல்லித் தருவான்.

வரும்போது நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்து இறங்காதே.

அம்மா